எளம்புள்ளயா, இளம்பிள்ளையா? கேட்டு எழுதுகிறவன் பாடு

அடிவாரத்தான்:
ஏற்காடு அடிவாரத்தில் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ், லேமினேஷன், ஆன்லைன் விண்ணப்பம், பஸ் வருவதற்குள் ஒரு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, இதுதான் பிழைப்பு. மலையிலிருந்து இறங்கி வருகிறவர்களில் பாதிப் பேர் கையில் தாள் எதுவும் இருக்காது, பெயரை வாயால்தான் சொல்வார்கள், நான் காதால் கேட்டு அடிக்க வேண்டும். பதினோரு வருடமாக அடிக்கிறேன், பெரிதாக வம்பு வந்ததில்லை. போன வாரம் வந்தது.

சென்னையிலிருந்து சொந்தக்காரப் பையன் ஒருவன் வேலை கற்றுக்கொள்ள வந்திருக்கிறான். நான் சாப்பிடப் போன நேரம் ஒரு பாட்டி பேரனோடு வந்து காலேஜ் விண்ணப்பம் போட்டிருக்கிறார். பையன் "நீங்க என்ன ஆளுங்க பாட்டி?" என்று கேட்டிருக்கிறான். "மலையாளிங்க சாமி." இவன் நேராகப் போய் தாய்மொழி என்ற கட்டத்தில் மலையாளத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டான். அதோடு விட்டானா? அந்தப் பேரனின் அம்மா பெயர் சிவகாமி. பாட்டி சொன்னது "செவகாமி". இவன் அடித்ததும் செவகாமி. ஊர் கொட்டச்சேடு, இவன் அதைக் கோட்டைச்சேடு என்று பெரிய மனது பண்ணித் திருத்தியிருக்கிறான். பிரிண்ட் எடுக்கும்போதுதான் என் கண்ணில் பட்டது. கேட்டால், "அவங்க சொன்னததான் போட்டேன்" என்கிறான். ஊர்ப் பெயரை விட்டுவிட்டால் அவன் சொல்வதும் உண்மைதான், அதுதான் எரிச்சல்.

சரி, உங்கள் பக்கம் இப்படி வாயில் ஒன்றும் தாளில் ஒன்றுமாக இருக்கிற பெயர்களைச் சொல்லுங்கள். பையனுக்குப் பாடம் எடுக்க வேண்டும்.

கொகைக்காரன்:
என் பெயரைப் பார்த்தாலே தெரியுமே. சேலம் டவுனில் குகை என்ற பகுதியில் பிறந்து வளர்ந்தவன், ஆனால் எங்கள் தெருவில் ஒருத்தர்கூட அதைக் குகை என்று சொல்லிக் கேட்டதில்லை. பழைய பஸ் ஸ்டாண்டில் ஆட்டோக்காரரிடம் "கொகைக்கு வர்றீங்களாண்ணா" என்றால் ஒரு ரேட்டு, "குகை போகணும் சார்" என்று சுத்தமாகச் சொன்னால் வெளியூர் என்று கண்டுபிடித்து முப்பது ரூபாய் ஏற்றிவிடுவார். குரங்குச்சாவடியும் அப்படித்தான், போர்டில் குரங்கு, வாயில் கொரங்கு. இளம்பிள்ளைக்குச் சேலை எடுக்கப் போகிற எங்கள் அம்மா எளம்புள்ள என்றுதான் சொல்வார். இதில் வேடிக்கை, ஆங்கிலத்தில் அந்த ஊருக்கு முதல் எழுத்து ஈ, அதாவது எ. வெள்ளைக்காரன் வாயைக் கேட்டு எழுதியிருக்கிறான், நாம்தான் புத்தகத்தைப் பார்த்து எழுதுகிறோம்.

சாக்பீஸ் வாத்தியார்:
ஓய்வு பெற்ற தமிழாசிரியன், அதனால் கொஞ்சம் நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பையனைத் திட்ட வேண்டாம், அவனுக்கு ஒரு கணக்கு சொல்லிக்கொடுத்தால் போதும். சொல்லின் முதலில் குறிலாக இ அல்லது உ வந்து, அடுத்து ஒரே ஒரு மெய் வந்து, அதன் மேல் அ, ஆ, ஐ ஏறியிருந்தால், பேச்சில் இகரம் எகரமாகும், உகரம் ஒகரமாகும். இலை எலை. இடம் எடம். நிலா நெலா. குடம் கொடம். உலகம் ஒலகம். புகை பொகை, அதே கணக்கில் குகை கொகை. சிவகாமி செவகாமி ஆனதும் இதனால்தான், குமரேசன் கொமரேசன் ஆனதும் இதனால்தான். ஆனால் முருகன் முருகனாகவே இருக்கிறான் பாருங்கள், அவனுக்கு அடுத்த எழுத்து ரு. மெய் இரட்டித்தாலும் மாறாது, குட்டன் கொட்டன் ஆவதில்லை.

இது சேலத்துக்கு மட்டும் சொந்தமில்லை, தமிழ்நாட்டில் பெரும்பாலும் எல்லா மாவட்டத்து வாயும் செய்கிற வேலைதான். நம் மாவட்டத்துக்கு உரிய சுவாரசியம் வேறு. எடப்பாடி என்று இன்று பத்திரிகையே அச்சடிக்கிறது, முதலமைச்சராக இருந்தவர் பெயரோடு ஒட்டிக்கொண்டு நாடு முழுக்கப் போய்விட்டது. பழைய தாள்களில் அது இடைப்பாடி. ஐகாரமும் போச்சு, இகரமும் போச்சு, பேச்சு ஜெயித்தது. பக்கத்திலேயே இருக்கிற இளம்பிள்ளைக்கு அந்த யோகம் இல்லை, அது இன்னும் இ போட்டே எழுதப்படுகிறது. ஏன் ஒன்று மாறியது, ஒன்று மாறவில்லை? என்னைக் கேட்டால் எடப்பாடியை நாள்தோறும் செய்தியில் சொல்ல வேண்டி வந்தது, அவ்வளவுதான்.

இளம்பிள்ளையில் இன்னொரு வேலையும் நடந்திருக்கிறது, அது எனக்கு ரொம்பப் பிடிக்கும். பிள்ளை எப்படிப் புள்ள ஆனது? உதட்டைக் குவித்துப் ப, ம, வ சொன்ன பிறகு நாக்கை மடித்து ட, ண, ள, ழ சொல்லப் போகும்போது நடுவில் இருக்கிற இகரம், எகரம் எல்லாம் உருண்டுவிடும். பிடி புடி. பெட்டி பொட்டி. பெண் பொண்ணு. வீடு வூடு. பிழைப்பு பொழப்பு. ஒரே ஊர்ப் பெயரின் முதல் பாதிக்கு ஒரு விதி, பின் பாதிக்கு ஒரு விதி.

சேத்துப்பட்டு சிக்னல்:
நல்லா இருக்கு சார். ஆனா சேலம்னாலே "ஏனுங்க, சொல்லுங்க, வாங்க போங்க"ன்னு இழுப்பீங்களே, அதப் பத்தி ஒருத்தரும் பேசலையே?

கொகைக்காரன்:
ஆரம்பிச்சாச்சா. அது கோயம்புத்தூர். எங்களுக்கு இதே தலைவிதி: கோயம்புத்தூர்க்காரர் எங்களைக் கொங்கு என்று முழுசாக ஒத்துக்கொள்ள மாட்டார், சென்னைக்காரர் எங்களைக் கோயம்புத்தூர் என்கிறார். மேற்கே சங்ககிரி, எடப்பாடி போனால் ஏனுங்க கேட்கும், உறவினருக்கு ஒறம்பரை வரும், பண்டிகைக்கு நோம்பி வரும். கிழக்கே வாழப்பாடி தாண்டி ஆத்தூர் போங்கள், அந்த இழுப்பு கரைந்து விழுப்புரம் பக்கத்துப் பேச்சு எட்டிப் பார்க்கும். வடக்கே ஓமலூர் வழியாகத் தர்மபுரி போனால் அது வேறு கதை. டவுனுக்குள்ளேயே தறிக்கூடத்தில் ஒரு வரிசை சௌராஷ்டிரம், ஒரு வரிசை கன்னடம், ஒரு வரிசை தெலுங்கு, வெளியே வந்தால் எல்லோரும் தமிழ். இதில் எதை நீங்கள் சேலத்து இழுவை என்பீர்கள்?

சேத்துப்பட்டு சிக்னல்:
கோச்சுக்காதீங்க பாஸ். எங்க பாட்டி வாழைப்பழத்த வாயப்பயம்னுதான் சொல்லும். அந்தக் கணக்குல வாழப்பாடி வாயப்பாடி ஆயிடும். நாலாம் கிளாஸ் ஞாபகம்தான் வருது, ஓரேழு ஏழு, ஈரேழு பதினாலு.

அடிவாரத்தான்:
ஹாஹா. இங்கே அது வாளப்பாடி. கண்டக்டர் படிக்கட்டில் நின்றபடி "அய்த்தியாபட்ணம் வாளப்பாடி ஆத்தூரேய்" என்று ஒரே மூச்சில் விடுவார், மூன்று ஊரும் ஒரே சொல். எங்கள் பக்கம் ழ கிடையாது என்பதை ஒப்புக்கொள்கிறேன், மழை மளெ, பழம் பளம். ஆனால் ல வேறு ள வேறு என்பதில் சுத்தம். "மலெ மேல மளெ" என்று பாட்டிகள் சொன்னால் எது ஏற்காடு, எது மழை என்று எனக்குக் குழப்பமே வராது, வெளியூர்க் காதுக்குத்தான் இரண்டும் ஒன்று.

இதைவிடத் தொல்லை, ழ வராதவர்கள் பயந்துபோய் வேண்டாத இடத்தில் எல்லாம் ழ போடுவது. கிளியூர் அருவிக்கு வருகிற வண்டிகளுக்கு ஒருவர் நோட்டீஸ் அடிக்கக் கொடுத்தார், "கிழியூர்" என்று எழுதி. கிளி பறந்துவிட்டது, ஊர் கிழிந்துவிட்டது. பள்ளியில் ழ வரவில்லை என்று அடி வாங்கியவராக இருக்கும், பாவம்.

ஆற்றூர் மகள்:
இந்த இழையை என் மாமியாருக்கு வாசித்துக் காட்டிக்கொண்டிருக்கிறேன், அவர் சிரித்து முடிக்கட்டும் என்று காத்திருக்கிறேன். நான் கன்னியாகுமரி மாவட்டம், திருவட்டாறு பக்கத்தில் ஆற்றூர். வாழ்க்கைப்பட்டது சேலம் மாவட்டம் ஆத்தூர். ஆற்றூரில் பிறந்து ஆத்தூருக்கு வந்தேன் என்று சொன்னால் இங்கே யாருக்கும் நகைச்சுவை புரியவில்லை, ஏனென்றால் நான் சொல்கிற ற்ற அவர்கள் காதில் ட்ட என்று விழுகிறது. "அட்டூரா? அது எங்க இருக்கு?" என்று கேட்கிறார்கள். எங்கள் ஊரில் காற்று, சோற்று, ஆற்று எல்லாவற்றிலும் நாக்கு நுனி மேலே ஒட்டி எடுக்கும். இங்கே எல்லாம் காத்து, சோத்து, ஆத்து.

கல்யாணமான புதிதில் மாமியாரிடம் கரி எங்கே இருக்கிறது என்று கேட்டேன், இஸ்திரிப் பெட்டிக்குப் போட. அவர் "செவ்வாக்கெழமெ எவளாவது கறி கேப்பாளா" என்றார். எனக்கு கரியும் கறியும் வேறு வேறு ஓசை, அரையும் அறையும் வேறு. அவருக்கு எல்லாம் ஒரே ர. அது போகட்டும், மரச்சீனி வாங்கி வரச் சொன்னேன், கணவர் சீனி வாங்கி வந்தார். மரவள்ளியைத்தான் நாங்கள் அப்படிச் சொல்வோம், இங்கே அது குச்சிக்கிழங்காம். ஜவ்வரிசி ஆலைகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு ஒரு கிழங்கு கிடைக்காமல் தவித்தேன்.

சாக்பீஸ் வாத்தியார்:
அம்மா, உங்கள் நாக்கு செய்வதைத்தான் தொல்காப்பியம் எழுதி வைத்திருக்கிறது. பிறப்பியலில் ரகரமும் ழகரமும் ஒரு சூத்திரத்தில் வரும், நுனிநாக்கு அண்ணத்தை வருட அவை பிறக்கும் என்று. றகரமும் னகரமும் தனிச் சூத்திரம், அதில் வருட இல்லை, ஒற்ற. வருடுவது வேறு, ஒற்றுவது வேறு. நாங்கள் இங்கே ஒற்றுவதை விட்டுவிட்டு வருடிக்கொண்டே காலம் தள்ளுகிறோம். யாழ்ப்பாணத்தாரும் உங்களைப் போலத்தான், காற்று என்றால் நாக்கு அங்கேதான் போய் ஒட்டும். முப்பது வருடம் வல்லின ற, இடையின ர என்று பெயர் வைத்துக் கரும்பலகையில் தட்டியவன் நான். எந்தச் சொல்லுக்கு எந்த எழுத்து என்று பிள்ளைகள் மனப்பாடம்தான் பண்ணினார்கள், ஒருவர்கூடக் காதால் பிரிக்கவில்லை. என்னையும் சேர்த்து.

அதனால்தான் ஏற்காடு என்ற எழுத்தைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். ஏரியும் காடும் சேர்ந்தது ஏற்காடு என்று எல்லோரும் சொல்கிறோம், ஏரிக்கு இடையின ர, பிறகு வல்லின ற எங்கிருந்து குதித்தது? வாய்க்கு இரண்டும் ஒன்றாகிப்போன ஊரில் கை போன போக்கு அது.

டெலிவரி 636:
ஏற்காடு என்று சொன்னீர்களே, அதில்தான் எனக்கு அடி. பார்சல் ஆபீசில் இருக்கிறேன். போனில் ஒருவர் "ஆற்காடு" என்றார், சத்தத்தில் எனக்கு ஏற்காடு என்று கேட்டது. பெட்டி 20 கொண்டை ஊசி வளைவு ஏறி மேலே போய், அங்கே வாங்க ஆள் இல்லாமல் திரும்ப இறங்கி, ராணிப்பேட்டை மாவட்டத்துக்குப் போனது. உள்ளே இருந்தது கண்ணாடி டம்ளர். மீதியை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆத்தூரும் லேசுப்பட்டது இல்லை. சேலத்தில் ஒன்று, தூத்துக்குடி மாவட்டத்தில் வெற்றிலைக்குப் பேர் போன ஒன்று, திண்டுக்கல்லில் ஒன்று. நம் ஆத்தூருக்கு ஆங்கிலத்தில் டி இரண்டு போடுவார்கள், அதனால் கால் சென்டரில் பேசுகிற வெளிமாநிலத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் அது அட்டூர். சங்ககிரியை ஊர்க்காரர் சங்கரி என்பார், ரயில்வேயும் சங்கரி துர்க்கம் என்றே ஸ்டேஷன் வைத்திருக்கிறது. புதிதாக வந்த டிரைவர் ஒருவர் வீட்டுக்கு போன் போட்டு "நைட்டு சங்கரிலதான் தங்கல்" என்று சொல்லி, அந்த வீட்டில் ஒரு வாரம் அடுப்பு எரியவில்லை.

செவ்வாப்பேட்டை மண்டி:
சங்கரி கதை சூப்பர். எங்கள் பேட்டையை யாரும் விட்டுவிட்டீர்களே. செவ்வாய்ப்பேட்டை, வாயில் செவ்வாப்பேட்டெ. ஆங்கிலத்தில் முதலெழுத்து எஸ் எச், ஷெவாப்பேட்டை மாதிரி. சேர்வராயன் மலைக்கும் அதே ஷ போட்டுத்தான் ஷெவராய். செங்கோட்டை, சீர்காழி, சோளிங்கர், சோழவந்தான், வெள்ளைக்காரன் காதுக்கு நம் ச எல்லாமே ஷ என்றுதான் விழுந்திருக்கிறது. எனக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம், அப்படியானால் சேலம் மட்டும் எப்படித் தப்பியது? பைபிளில் ஏற்கெனவே சாலேம் என்று ஒரு பெயரைப் படித்துப் பழகிய கை, அதே எழுத்தை இங்கேயும் போட்டிருக்கும் என்பது என் கட்சி.

அப்புறம் இன்னொன்று. ரயில்வே ஸ்டேஷனில் அறிவிப்பைக் கவனியுங்கள். சென்னைக்கு ச்செ என்று அழுத்துவார்கள், சேரன் எக்ஸ்பிரஸுக்கும் அதே அழுத்தம். அதே மூச்சில் சேலம் மட்டும் ஸேலம். எழுத்து ஒன்றுதான், யார் எதற்கு எப்படி என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை, ஆனால் ச்சேலம் என்று யாராவது சொன்னால் நமக்கு உடனே காது கூசும்.

பாஸ்டன் பனி:
நான் அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் மாநிலத்தில். இங்கே பக்கத்திலேயே ஒரு சேலம் இருக்கிறது, இவர்கள் வாயில் செய்லம். 1692இல் சூனியக்காரிகள் என்று சொல்லி ஆட்களைத் தூக்கில் போட்ட ஊர். சொந்த ஊர் எது என்று கேட்பார்கள், சேலம் என்பேன், "அக்டோபரில் கூட்டம் தாங்காதே" என்பார்கள். ஆரிகன் மாநிலத்துக்குத் தலைநகரமே இன்னொரு சேலம். இப்போதெல்லாம் பெங்களூர் பக்கம் என்று சொல்லி முடித்துக்கொள்கிறேன். எங்கள் அப்பாவுக்குத் தெரிந்தால் செருப்புதான்.

நாகலூர் காபி:
முதல் பதிவில் வந்த பாட்டி எங்கள் ஆள். அதனால் ஒரு வார்த்தை. நாங்கள் மலையாளிகள், மலை + ஆளி, மலையை ஆளுகிறவர், அல்லது சும்மா மலையில் இருக்கிற ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பி மூன்று பேரில் பெரியவர் சேர்வராயன் மலைக்கும், மற்ற இருவர் பச்சைமலைக்கும் கொல்லிமலைக்கும் போனதாக எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். மலைக்குள் சேலநாடு, மோகநாடு, முத்தநாடு என்று மூன்று நாடு. மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு வாருங்கள், குகைக்குள் இருக்கிற சாமியைக் கும்பிட எத்தனை பேர் குனிந்து போகிறோம் என்று பார்க்கலாம்.

கேரளத்துக்காரரும் மலையாளி, நாங்களும் மலையாளி, எழுத்திலும் ஓசையிலும் ஒரு புள்ளி வித்தியாசம் கிடையாது. காலேஜில் ஹாஸ்டல் வார்டன் என்னிடம் ஓணத்துக்கு லீவு வேண்டுமா என்று கேட்டார். நான் வாங்கிக்கொண்டேன், அது வேறு விஷயம். ஆனால் சான்றிதழ் என்று வரும்போது சிரிப்பு இல்லை. பழங்குடிப் பட்டியலில் மலையாளி என்ற பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் சேலம், தர்மபுரி என்று மாவட்டங்களைக் குறித்திருக்கிறார்கள். பர்கூர் மலையில் இருக்கிற எங்கள் ஜனம் ஈரோடு மாவட்டத்துக்குள் வருவதால் அந்த அடைப்புக்குறிக்கு வெளியே நிற்கிறது, வருடக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதனால் அடிவாரத்தாரே, தாய்மொழிக் கட்டத்தில் மலையாளம் என்று விழுந்தால் அதைச் சின்னத் தப்பு என்று விட்டுவிட வேண்டாம். நாளைக்கு விசாரணைக்கு வருகிறவர் அந்தத் தாளைத்தான் முதலில் நீட்டுவார்.

அடிவாரத்தான்:
சத்தியமாக விடவில்லை. அன்றைக்கே அந்தப் பேரனைப் போன் போட்டு வரவைத்து எல்லாவற்றையும் திருத்திவிட்டேன், சமர்ப்பிக்கும் முன்பே பார்த்ததால் தப்பித்தோம்.

தமிழ்க் கட்டத்தில்கூடச் சமாளித்துவிடலாம், உயிர் போவது ஆங்கிலக் கட்டத்தில். தனபால் என்று ஒருவர் வருகிறார். முதல் எழுத்துக்கு T, TH, D, DH என்று நான்கு வழி. நடுவில் P, B என்று இரண்டு வகை. கூட்டிப் பெருக்கினால் எட்டு தனபால். ஆதாரில் ஒரு தனபால், பேங்கில் ஒரு தனபால், டிசியில் மூன்றாவது தனபால், ஆள் என்னவோ ஒருவர்தான். அவரைக் கேட்டால் "நீ எப்டி வேணா போடு தம்பி, எல்லாம் நாந்தான்" என்கிறார்.

சாக்பீஸ் வாத்தியார்:
2020 ஜூனில் அரசாங்கமே இந்த வேலையைச் செய்து பார்த்தது. 1018 ஊர்களின் ஆங்கில எழுத்தைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணை வந்தது. வேலூருக்கு ஏ ஓசை கொடுக்கிறேன் என்று ஈ இரண்டு போட்டார்கள், படிக்கிறவருக்கு அது வீலூர் ஆனது. ஊரே சிரித்தது, சில நாட்களில் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அத்தனை பேர் உட்கார்ந்து செய்ததே அப்படி என்றால் உங்கள் கடைப் பையனை நான் எப்படித் திட்டுவேன்?

ஆற்றூர் மகள்:
மாமியார் ஒரு கேள்வி கேட்கச் சொல்கிறார்: "அந்தப் பையன் இப்ப ஒழுங்கா எழுதறானா?"

அடிவாரத்தான்:
அம்மாவிடம் சொல்லுங்கள், ரொம்ப ஒழுங்கு. இந்த இழையை முழுசாகப் படிக்கவைத்தேன். செவகாமி என்றால் சிவகாமியா என்று திருப்பிக் கேட்கிறான், கொணசேகரன் என்றால் குணசேகரன் என்று அடித்து ஸ்கிரீனைத் திருப்பிக் காட்டுகிறான். நேற்று ஏற்காட்டில் பேக்கரி வைத்திருக்கிறவர் மகளுக்கு ஸ்கூல் விண்ணப்பம் போட வந்தார், சொந்த ஊர் பாலக்காடு. "நாங்க மலையாளி" என்றார். நம்மவன் "தெரியும் சார், எல்லாம் தெரியும்" என்று தலையை ஆட்டிவிட்டு, தாய்மொழி தமிழ் என்று அடித்து பிரிண்ட்டும் எடுத்துக் கையில் கொடுத்துவிட்டான்.